வளைவில் வைத்த கல்

உமாதேவி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. அன்றைக்கும் படுத்துக் கிடக்க மாட்டாள். காலையிலேயே தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு மலைப் பூங்காவுக்கு வந்துவிடுவாள்.

மலை என்றால் பெரிய மலை இல்லை. சேரப்பணஞ்சேரியைத் தாண்டி, பாதி கல் உடைத்துவிட்டுப் போன ஒரு குன்று. படி கட்டி, மேலே பெஞ்சு போட்டு, பூங்கா என்று போர்டு மாட்டினார்கள். அதோடு சரி. டெம்போ ஓட்டும் கோதண்டராமன் அண்ணன்தான் எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சேர்த்தார். செடிக்குத் தண்ணீர் சுமப்பதும் குப்பை பொறுக்குவதும் எங்கள் வேலை. கூலி ஒன்றும் கிடையாது.

படி திரும்புகிற வளைவில் ஒரு வேம்பு. கன்றாக இருந்தபோது உமாதேவி நட்டது. இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. அந்த மறைவில்தான் பையன்கள் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். மரத்தின் மேலேயே ஒன்றுக்குப் போவார்கள். கிளையை ஒடிப்பார்கள். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் உமாதேவி எங்களுக்கு முன்னாலேயே தனியாக வந்து, அங்கே கிடந்த ஒரு கல்லைக் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, வேம்படியில் நிறுத்திவிட்டாள். சுவரில் சாமி படம் ஒட்டினால் யாரும் அசிங்கம் செய்ய மாட்டார்கள் அல்லவா, அந்த நினைப்புத்தான். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வளைவு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. கற்பூரம், சிவப்புத் துணி, எண்ணெய் விளக்கு, பால் பாக்கெட். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்கள் வரிசையாக ஏறினார்கள். நானும் ஒரு நாள் நெய் விளக்கு வைத்து விழுந்து கும்பிட்டேன். உமாதேவியும் கும்பிட்டாள். தான் வைத்த கல் என்று தெரிந்தும், எல்லாரும் கும்பிடுகிற இடத்தில் கை கூப்பாமல் அவளால் நிற்க முடியவில்லை. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேறு வேண்டிக்கொண்டாளாம். அதை நினைத்தால் உடம்பே கூசுகிறது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

எண்ணெய் வேரில் இறங்கி, கற்பூரச் சூட்டில் பட்டை கருகி, புரட்டாசி முடிவதற்குள் வேம்பில் ஒரு பக்கத்து இலையெல்லாம் பழுத்துவிட்டது.

கோதண்டராமன் அண்ணன் கரியைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "எவன்டா இந்தக் கல்ல கொண்டாந்து வச்சான்? குடிக்கிறவன் கிளையத்தான் ஒடிச்சான். கும்புடறவன் மரத்தையே சாவடிச்சிடுவான் போலகீது."

"எங்க மாதாவ கேட்டுச் சொல்லட்டுமாண்ணா?" என்றாள் லூர்தம்மாள். அவளும் எங்களோடு குப்பை பொறுக்குகிறவள்தான்.

எல்லாரும் சிரித்தோம். உமாதேவி தலை நிமிராமல் எலுமிச்சம்பழங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு, கொம்பையா சிமென்ட் மூட்டையோடு ஏறி வந்தான். தெற்கத்திப் பையன், கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறவன். வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது, வேண்டிக்கொண்டபடி அம்மனுக்கு மேடை கட்டப் போகிறேன் என்றான். கூடவே பூவோடு சில பெண்கள். மரத்தைச் சுற்றிக் கடப்பாரை போட்டான். முதல் குத்திலேயே வேர் அறுந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"தம்பி, நிறுத்து." உமாதேவி குறுக்கே வந்தாள். "அது சாமி இல்லப்பா. பசங்க அசிங்கம் பண்றாங்கன்னு நான்தான் மஞ்சள் பூசி வச்சேன்."

கொம்பையா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். "என்னக்கா சொல்லுதிய? எங்க வந்து உக்காரணும்னு அவளுக்குத் தெரியாதா? ஒங்க கையால வந்திருக்கா, அம்புட்டுத்தான்."

பூ கொண்டு வந்த பெண்கள் உமாதேவியைப் பார்த்துக் கை கூப்பினார்கள். ஒருத்தி குனிந்து காலையே தொட்டுவிட்டாள். உமாதேவி சூடு பட்டவள் போலப் பின்னால் நகர்ந்தாள்.

"இத்தினி நாளா என் பக்கத்துலயே குந்திகினு கரி சொரண்டினியேம்மா" என்றார் கோதண்டராமன் அண்ணன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

அவள் கொம்பையா பக்கம் திரும்பிக் கேட்டாள். "என் கையாலதான வந்தாங்கன்ற?"

"ஆமாக்கா."

"அப்ப என் கையாலயே போவட்டும்."

முந்தானையைச் சுற்றிக் கல்லைத் தூக்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. "அம்மன் அவங்க கூடவே போறாங்கடீ" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். நாங்களும் பின்னால் இறங்கினோம். கோதண்டராமன் அண்ணன் வரவில்லை. வேரின் மேல் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

கல் நல்ல கனம். பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "செத்த எறக்கி வையுங்கக்கா, நான் தூக்குதேன்" என்றான் கொம்பையா.

"வேணாம்பா. இங்க வச்சா இங்கயும் யாராவது கற்பூரம் ஏத்துவாங்க."

லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் கூடச் சிரிக்காததால் அடக்கிக்கொண்டாள்.

அடிவாரத்து ஏரியில் முழங்கால் ஆழம் வரை இறங்கி, உமாதேவி கல்லைத் தண்ணீருக்குள் விட்டாள். கரையில் நாங்கள் கும்பிட்டோம். அவள் மட்டும் மஞ்சள் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, கூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல், எங்கள் பக்கம் திரும்பாமலே நின்றாள்.