மைக்கில் கூவிய பெயர்

கரிக்கலாம்பாக்கம் ஸ்டெல்லாவுக்குக் கோபமே வராது என்று அவள் வேலை செய்யும் சோப்புக் கம்பெனியில் சொல்வார்கள். சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் பதில் பேசாமல் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பாள். அவளையே ஆஸ்பத்திரிக்காரர்கள் கொதிக்க வைத்துவிட்டார்கள்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் சுவேதா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது என்று பாத்ரூமில் தாழ் போட்டுக்கொள்வாள். "பரிட்ச பயம், சரியாப் பூடும்" என்றார் அப்பா அன்புராஜ். ஆனால் ஒரு நாள், "நான் இருந்து இன்னாம்மா ஆவப் போவுது?" என்று மகள் கேட்டதும் ஸ்டெல்லா கம்பெனிக்கு லீவு சொன்னாள். டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிப்போனாள்.

டாக்டர் எல்லாக் கேள்வியையும் ஸ்டெல்லாவிடமே கேட்டார். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, காதல் கீதல் உண்டா. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை இல்லை. மாத்திரை எதற்கு என்று ஸ்டெல்லா கேட்டாள். "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா. கரெக்டா குடுங்க, போதும்." அதைப் போட்டுக்கொண்டு சுவேதா வகுப்பில் தூங்கி வழிந்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். அடுத்த முறை போனபோது, நிற்க இடமில்லாத வராண்டாவில் மைக் அலறியது: "மனநலப் பிரிவு, சுவேதா, கரிக்கலாம்பாக்கம்!" முட்டிவலிக்கு வந்திருந்த பக்கத்துத் தெரு தையலம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இவர்கள் வீடு வந்து சேருமுன் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சுவேதா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியிலிருந்து போன். இளைஞர்களுக்கான மனநல சிகிச்சையை மேம்படுத்த அவர்களையும் குடும்பத்தாரையும் கலந்து பேசப் போகிறார்களாம். பக்கத்திலிருக்கும் பாகூரில் கூட்டம்.

"அவங்களே கூப்புடறாங்கடி. நடந்தத ஒரு தடவ சொல்லிட்டு வந்துருவோம்" என்று கெஞ்சி மகளை அழைத்துப் போனாள்.

மண்டபத்தில் முன்வரிசை முழுக்க அதிகாரிகள். குடும்பங்களுக்குக் கடைசியில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இடம். பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை. இளைஞர்களின் மனதைப் பற்றித் திரையில் விளக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இளைஞர்கள் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏற்பாட்டாளர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் மேடைக்கு வாங்க, ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கலாம்."

ஸ்டெல்லா எழுந்தாள்.

"இன்னா சார் இது? போட்டோவுக்கு நிக்கறதுக்கா எங்கள வரச்சொன்னீங்க?"

"டைம் ஆயிடுச்சும்மா. கருத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பரிசீலிக்கிறோம்."

"எம்பொண்ணு பேர மைக்குல கூவறதுக்கு டைம் இருந்துச்சி. அவ இன்னா சொல்றான்னு கேக்கறதுக்கு மட்டும் இல்லியா?"

மகள் தன் கையைப் பிடித்து உட்கார வைக்கப் போகிறாள் என்று நினைத்தாள் ஸ்டெல்லா; ஆனால் அவளும் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"என் பேர இனிமே கத்தாதீங்க. டோக்கன் குடுங்க. மாத்திர எதுக்குன்னு எங்கிட்டயே சொல்லுங்க, எனக்குப் புரியும்." சொல்லிவிட்டும் உட்காரவில்லை.

வில்லியனூரிலிருந்து வந்திருந்த கஸ்தூரி என்ற அம்மாவும் எழுந்தாள். "எம்புள்ளைக்கு இன்னான்னு இன்னி வரைக்கும் எனக்குச் சொல்லல சார். வூட்ல வச்சிப் பாத்துக்கறது நானு."

அன்று யாரும் மேடை ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். டோக்கன் வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமையும் பார்க்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த கவுன்சலர், "அம்மாகிட்ட எதச் சொல்லலாம், எது நமக்குள்ள இருக்கணும்?" என்று சுவேதாவையே கேட்டார். வெளியே காத்திருந்த ஸ்டெல்லாவுக்கு, மகள் வந்து அதைச் சொன்னதும் கொஞ்சம் சுருக்கென்றது. அதுதான் நியாயம் என்றும் பட்டது. ஒரு வருடம் படிப்பை விட்டிருந்த சுவேதா இப்போது மறுபடி படிக்கப் போய்வருகிறாள். சில வாரம் சிரிப்பாள், சில வாரம் பாயைவிட்டே எழமாட்டாள்.

டவுனுக்கு அலைய முடியவில்லை, பாகூருக்கே வாரம் ஒரு நாள் டாக்டர் வர வேண்டும் என்று எல்லாக் குடும்பங்களும் கேட்டன. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள், இன்னும்.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் புது பேனர்: 'நோயாளிகள் நலன் கருதி எங்கள் புதிய முயற்சி, டோக்கன் முறை.' ஸ்டெல்லா அங்கேயே நின்று பொருமினாள். "யாரு முயற்சிடி இது? வாய் கூசல?"

"பேனருக்கு எதுக்கும்மா கத்தற?" என்றாள் சுவேதா. "பாகூருக்கு டாக்டர் எப்ப வருவாருன்னு கேளு. வா, உள்ள போயி கேப்போம்."