கீழ் அடுக்கு

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் குலுக்கி. செத்தவர்களின் வயிற்றிலிருந்து எடுத்தது கண்ணாடிக் குப்பிகளில் வரும். அதைக் கரைத்து வடிகட்டி, பிரிபுனலில் ஈதரோடு ஊற்றி, மூடியை உள்ளங்கையால் அழுத்திக் குலுக்குவார். நடுவே தலைகீழாகப் பிடித்துக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று போகும். தாங்கியில் நிறுத்தினால் இரண்டு அடுக்காகத் தெளியும். கீழே தண்ணீர், மேலே ஈதர். விஷம் இருந்தால் ஈதருக்குப் போயிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, ஈதரை ஆவியாக்கி, தட்டில் மிஞ்சுவதை மாடிக்குச் சோதனைக்கு அனுப்புவார். இருபத்திரண்டு வருடம்.

முதல் சில வருடங்கள் வடித்த தண்ணீரையும் முடிவு வரும்வரை எடுத்து வைத்திருந்தார். ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. பிறகு நேரே கழுவும் தொட்டியில்.

ஈதர் அவர் மூக்கைத் தின்றுவிட்டது.

"பால் தீஞ்சு வீடே புகையுது, துரை பேப்பர் படிக்கிறாரு," என்பாள் மனைவி.

"பொணத்தோட குடித்தனம் பண்றவனுக்கு மூக்கு போனது யோகம்டி."

ஒரு தையற்காரரின் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்றார்கள் புருஷன் வீட்டில். தையற்காரர் நம்பவில்லை; புகார் கொடுத்தார், மருமகனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். செவ்வாய்தோறும் கழுத்தில் அளவுநாடாவுடன் ஆய்வுக்கூட ஜன்னலில் வந்து நின்றார்.

"தம்பி, ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லீங்கய்யா."

அந்தப் பெண்ணின் குப்பியில் இருந்ததே நாலு கரண்டி. பாதியை எடுத்துவைக்க வழியில்லை.

அந்தக் குப்பியை எடுத்த அன்று ஈதர் தீர்ந்திருந்தது. ஸ்டோர்காரர் குளோரோஃபார்ம் பாட்டிலை வைத்து, "அண்ணே, இன்னிக்கு இதுதான்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இவரும் தலையாட்டினார். குளோரோஃபார்ம் தண்ணீரைவிடக் கனம், விஷத்தை வாங்கிக்கொண்டு கீழே தங்கும். அது அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் அது கீழ் அடுக்கைத் தொட்டியில் வடித்து, தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டது.

ஈதர் என்றால் வெந்நீர்மேல் வைத்த ஐந்தாவது நிமிடம் தட்டு காய்ந்துவிடும். கால்மணி ஆகியும் இது அப்படியே கிடந்தது. வெறும் தண்ணீர். அப்போதுதான் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தண்ணீரையே புதிதாகக் குளோரோஃபார்ம் ஊற்றி மறுபடி இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

மாடிக்குப் போய் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். அதிகாரி கதவைச் சாத்தினார். "விஷம் காணப்படவில்லைன்னு எழுதிடு. பொய்யா சொல்றோம்? காணலைதானே?"

குலுக்கி எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

அடுத்த செவ்வாய் தையற்காரர் அறிக்கையை இரண்டுமுறை படித்தார். "அப்ப எம்பொண்ணு தானாத்தான் செத்தாளா? நான்தான் அந்தப் பையன்மேல பழி போட்டேனா தம்பி?"

"இல்லீங்கய்யா," என்றார் குலுக்கி. வேறு ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார். "இருந்துச்சோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. நான் கைதவறிக் கொட்டிட்டேன்."

தையற்காரர் அறிக்கையைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வழியே நீட்டினார். "இத எழுதிக் குடுங்க."

வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார்.

அந்த எழுத்தால் அவர் வேலை போனது. வழக்கும் நிற்கவில்லை; கொட்டிப்போனது யாருக்கும் சாட்சியாகாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். மருமகன் வெளியே வந்தான்.

"எழுதாமலே இருந்திருக்கலாம். சோறாவது மிஞ்சியிருக்கும்," என்றாள் மனைவி.

அவர் இப்போதெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் வெளியே கிளம்பி, அந்தத் தையற்காரரின் கடை இருக்கும் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்.