முழங்கால் உயரத்தில் வெட்டிய கட்டைகள்

தோட்டத்தில் அவரை எல்லோரும் ‘ஒத்தவெட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் ரம்பத்தை ஒருமுறை மரத்தடியில் வைத்தால் இரண்டாம் முறை வைக்க மாட்டார். காகித ஆலைக்காக வளர்க்கும் தைலமரக் காட்டில் இருபத்திரண்டு வருடமாக வெட்டுக்காரர்.

தைலமரத்தை வெட்டினால் திரும்ப நட வேண்டியதில்லை. அடிக்கட்டையே துளிர்த்து அடுத்த மரமாகிவிடும். ஆனால் வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து நாலு விரல் உயரம், மழைத்தண்ணீர் வழிந்தோட லேசான சரிவு, முக்கியமாகப் பட்டை கட்டையை விட்டுப் பிரியக் கூடாது. துளிர் பட்டைக்கு அடியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இதையெல்லாம் அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்த வருடம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் கண்ணில் பூச்சி பறந்தது. வெளியே தெரிந்தால் ரம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. மேற்குத் துண்டில் ஐந்நூறு மரம் அவர் பங்கு. முதல் வரிசையை ஒழுங்காக வெட்டினார். இரண்டாவது வரிசையில் வெட்டு ஒரு சாண் ஏறியது. மதியத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ரம்பத்தின் சங்கிலியைத் தீட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதே என்று மழுங்கிய பல்லோடே ஓட்டினார். பட்டை நார்நாராகக் கிழிந்தது. கழித்த கிளைகளை இழுத்துக் கட்டைகளின் மேலேயே போட்டு மூடினார். அப்படி மூடினால் துளிருக்கு மூச்சு முட்டும். தெரிந்தேதான் போட்டார்.

பக்கத்துக் கிழக்குத் துண்டை வெட்டியவர் அவருடைய தங்கை புருஷன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வேலை பார்த்த மில் மூடிவிட, மூன்று வருடம் முன்புதான் ரம்பம் பிடித்தவர். ஒவ்வொரு மரத்துக்கும் மண்டியிட்டு நிதானமாக வெட்டுவார். மரத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெட்டுகிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

எட்டு மாதம் கழித்து மேலாளர் பார்வையிட வந்தார். கிழக்கில் துளிர்கள் ஆள் உயரம் நின்றன. மேற்கில் பாதிக் கட்டைகள் செத்துவிட்டன. மீதிக் கட்டைகளின் உச்சியில் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த துளிர்களைக் காற்று பிய்த்துப் போட்டிருந்தது. அன்று மச்சான் விடுப்பு. எந்தத் துண்டை யார் வெட்டியது என்று மேலாளர் கேட்டார்.

“ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வெட்டினோம் சார். சரியா ஞாபகமில்ல.”

மேலாளர் மேற்குக் கட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். “புது ஆளு கைன்னு பாத்தாலே தெரியுதே” என்றார்.

ஒத்தவெட்டு ஆமாம் என்று தலையாட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுவாரமே மச்சானிடமிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டு லாரியில் வெட்டிய மரத் தடிகளை ஏற்றும் வேலைக்கு அனுப்பினார்கள். தான் வெட்டியது கிழக்குத் துண்டு என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நேராக ஒத்தவெட்டின் வீட்டுக்கு வந்தார். மேற்கில் கரையான் விழுந்திருக்கும், உங்கள் வெட்டில் குறை வராது என்று அவரே சமாதானமும் சொல்லிவிட்டு, மேலாளரிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னார். பேசிப் பார்க்கிறேன் என்றார் ஒத்தவெட்டு. பேசவில்லை. நாளைக்கு, திங்கட்கிழமை, சம்பளம் முடிந்து என்று தள்ளிக்கொண்டே போனார். மச்சான் எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு தடி உருண்டு மச்சானின் இடது காலில் ஏறியது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் தங்கை அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீ இருக்கிற தைரியத்துலதாண்ணே இருக்கோம்” என்றாள்.

அவரால் உட்கார முடியவில்லை. நின்றபடியே இடுப்பு வலியில் ஆரம்பித்து மேலாளரிடம் சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சான் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்தார்.

“வெட்டுல தப்பு யாருக்கும் வரும் மச்சான். ஆனா நான் வீடு தேடி வந்தப்ப, பேசிப் பாக்கிறேன்னு சொன்னீங்களே.”

தங்கை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலையில் ஒத்தவெட்டு மேலாளரிடமும் சொன்னார். உயிர் மிச்சமிருந்த இருநூற்றுச் சொச்சம் கட்டைகளைத் தானே மறுபடி தரையோடு வெட்டித் தருகிறேன், அப்புறம் ரம்பத்தைக் கீழே வைத்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். இடுப்பில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டைக்கும் மண்ணில் ஒருக்களித்துப் படுத்து வெட்டினார். ஒரு நாள் வேலை பதினோரு நாள் இழுத்தது. மழைக்குப் பிறகு நூற்று நாற்பது கட்டைகள் துளிர்த்தன. மற்ற இடங்களில் புதுக் கன்று நட்டார்கள்.

கால் ஆறியதும் மச்சானை மறுபடி வெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். முன்போல மண்டியிட முடியவில்லை. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வெட்டுகிறார். ஒத்தவெட்டுக்கு இப்போது நாற்றங்காலில் தண்ணீர் விடும் வேலை. வழியில் பார்த்தால் மச்சான் நின்று இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அவர் விசாரிக்காமல் போனால் தேவலை என்று இவருக்கு இருக்கும்.

தங்கையும் போன் செய்யாமல் இல்லை. முன்பெல்லாம் எடுத்ததுமே சாப்பிட்டாயா என்பாள். இப்போது விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.