மூன்றாம் பொட்டலமும் ஐந்தாம் பொட்டலமும்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் மூக்கால் சம்பாதித்தார். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நானும் சிரித்தவள்தான். சோப்புக் கம்பெனியில் கட்டிகளை வெட்டி, இரும்பு அடுக்குகளில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் அடுக்குக்கு ஒரு துண்டு எடுத்து இவர் மோந்து பார்ப்பார். எண்ணெய் கெட்டிருந்தால் உள்ளுக்குள் ஒரு சிக்கு வாடை ஒளிந்திருக்கும். எனக்கும் உங்களுக்கும் அது தெரியாது. கடைக்குப் போய்ப் பத்து நாள் ஆன பிறகுதான் ஊருக்கே தெரியும். இவர் தலையாட்டினால் அந்த அடுக்கு காகிதம் சுற்றப்பட்டுக் கடைக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் மறுபடி உருக்கப் போகும். மேனேஜர் முதல் தரை பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் இவர் 'மூக்கு சார்'. நாங்கள் இருந்த இரண்டு அறை வீடும் அந்த மூக்குக்காகக் கம்பெனி கொடுத்ததுதான். மூக்கு போனால் வேலையும் போகும், வீடும் போகும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் விளையாட்டுக்காரி. பிறந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன், புகுந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைப்பேன். இவர் சட்டைக் கையை நடுவில் ஒரு தையல் போட்டு மூடிவிட்டு, காலையில் அவசரமாகக் கையை நுழைத்துத் திணறுவதைக் கதவு இடுக்கில் பார்ப்பேன். குடைக்குள் காகிதத் துணுக்குகளை நிரப்பி வைத்து, மழை நாளில் இவர் தலையில் அதைக் கொட்டவைத்திருக்கிறேன். இவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "எதுக்கு இதெல்லாம்?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்பார். அதுதான் எனக்கு எரிச்சல். சிரிக்கவும் தெரியாது, திட்டவும் தெரியாது. இப்படி ஒரு மரக்கட்டைக்கு என்னைக் கட்டி வைத்தார்களே என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாடியது ஒரே ஒரு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இவர் கண்ணைத் துண்டால் கட்டி, ஒவ்வொரு பொருளாக மூக்குக்கு நேரே நீட்டுவோம். அதைக் கண்டுபிடித்தவளும் நான்தான். சாவி, அழிப்பான், வெங்காயத் தோல், நேற்றைய பேப்பர், எதைக் காட்டினாலும் சொல்லிவிடுவார். ஒரே மாதிரி இரண்டு செருப்பைக் காட்டினால் எது பெரியவளுடையது, எது சின்னவனுடையது என்று பிரித்துச் சொல்வார். பெரியவளுக்குப் பதினொரு வயது, வாயைத் திறந்தால் 'ஏன்' என்றுதான் திறப்பாள். சின்னவனுக்கு ஆறு.

"அப்பா, தூங்கும்போது மூக்கும் தூங்குமா?" என்பான் சின்னவன்.

"தூங்கினா மூச்சு எப்படிடா வரும்? ஏன்ப்பா, வாசனை உள்ள போய் எங்க உட்காரும்?" என்பாள் பெரியவள்.

இவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். பெரியவளுக்கும் அந்த மூக்கு கொஞ்சம் வாய்த்திருந்தது. பால் திரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷ மழையில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துவிட்டு எழுந்தவர் புது ஆளாக எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை கண்ணைக் கட்டி, சீப்பை நீட்டினேன். மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, "யானைக் காதுக்குப் பின்னாடி உள்ள அழுக்கு!" என்றார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்ததற்கு "மேனேஜரோட மீசை" என்றார். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த மனுஷனுக்கு விளையாட வருகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மூன்று மாதம்தான் நான் இவரை ஆசையாகப் பார்த்தேன். சில தடவை சரியாகவும் சொல்வார். அப்போதெல்லாம் பெரியவள் அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அப்பா மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் கூடிய ஒரு விருந்தில் மேனேஜர் வீட்டு அம்மாவிடம் இந்தக் கண்கட்டு விளையாட்டைப் பற்றி விலாவாரியாக அளந்துவிட்டும் வந்தேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

பிறகு இன்னொரு கூத்து ஆரம்பமானது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இவரும் பெரியவளும் பின்பக்க பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பாட்டுப் பைக்குள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் வரும்; ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சோப்புத் துண்டு, மேலே பென்சிலில் அடுக்கின் எண். குசுகுசுவென்று பேச்சு கேட்கும். நான் கதவைத் திறந்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"என்னடி நடக்குது?"

"அது எங்க ரகசியம்மா."

என்னைக் கழித்துவிட்டு இந்த வீட்டில் ஒரு விளையாட்டா? எனக்கு வயிறு எரிந்தது. இவர் பகலிலேயே மோந்து முடிவு செய்துவிட்டு, மிச்சத் துண்டை வைத்து மகளுக்குப் பாடம் நடத்துகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

ஒரு சாயங்காலம் இவர் குளிக்கப் போயிருந்தார். பெரியவள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பையில் ஆறு பொட்டலம் இருந்தது. மூன்றாம் பொட்டலத்துத் துண்டை எடுத்து ஐந்தாம் பொட்டலத்தில் வைத்தேன், ஐந்தில் இருந்ததை மூன்றில் வைத்து, மடிப்புக் குலையாமல் மடித்தேன். மோந்து பார்த்தேனா என்றால், பார்த்தேன். என் மூக்குக்கு ஆறும் ஒரே சோப்பு. மகள் ஒன்று சொல்வாள், அப்பா "இல்லையே" என்பார், இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள், நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கை தட்டுவேன். திட்டம் அவ்வளவுதான்.

கதவில் காதை வைத்துக் கேட்டேன். "மூணுதான்ப்பா, மூணுல சிக்கு வாடை. மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றாள் பெரியவள். இவர் "நிச்சயமா?" என்றார். அவள் "நிச்சயமா" என்றாள். "சரி" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். மண்டையை யாரும் பிய்த்துக்கொள்ளவில்லை.

இவர் என் வேலையைக் கண்டுபிடித்துவிட்டார், ஒன்றும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டு என்னையே திருப்பி மாட்டவைக்கப் போகிறார் என்று எண்ணினேன். எவ்வளவு தேறிவிட்டார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அன்றும் மறுநாளும் செருப்பை உதறிப் போட்டேன், தலையணையைத் தூக்கிப் பார்த்தேன், டீயை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக் குடித்தேன். இவர் ஒன்றும் செய்யவில்லை. நான்கு நாளில் நானும் அதை மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போனது. பள்ளி விடுமுறை நாள். இவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வாசலில் இருந்த காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், "பேக்கிங் ரூமுக்குப் போங்கம்மா" என்றார்.

நீள மேசை மேல் கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் அடுக்கி இருந்தன. அறை முழுக்கப் பழைய எண்ணெய் நாற்றம், எனக்கே குமட்டியது. சுவரோரமாகப் பதினைந்து இருபது பேர் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். நடுவில் இவர் நின்றார்.

"மூணாம் அடுக்கு நல்ல சரக்கு, அதை உருக்கச் சொல்லிட்டீங்க. அஞ்சாம் அடுக்கு கெட்டது, அதை அனுப்பச் சொல்லிட்டீங்க" என்றார் மேனேஜர். "இப்ப இந்த ரூமுக்குள்ள நுழையும்போதே நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன். நீங்க பொத்தல. ஏன் மூக்கு சார்?"

மூன்று, ஐந்து என்ற இரண்டு எண்ணும் என் காதில் விழுந்ததும் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் சளி சார்" என்றார் இவர்.

"வீட்ல கண்ணைக் கட்டிக்கிட்டு நல்லா விளையாடுவீங்களாமே? உங்க வீட்டம்மா எங்க வீட்ல சொன்னாங்க. இங்கயும் ஒரு ஆட்டம் ஆடுவோமா?"

யாரோ ஒரு தோள்துண்டை நீட்டினார்கள். இவர் தாமாகவே குனிந்து கொடுத்தார். மேனேஜர் கட்டினார். சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற பையன் ஒருவன் ஷூவைக் கழற்றி, காலுறையை உருவிக் கொடுத்தான். இவர் மூக்குக்கு முன்னால் அதைப் பிடித்தார்கள்.

அப்போது என் பக்கத்தில் பெரியவள் இருமினாள். ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, கொஞ்சம் விட்டு மூன்றாவது தடவை. இவர் முகம் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. மகள் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"துணி" என்றார்.

அந்த இருமலில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஏன் முதுகில் சாய்ந்தாள், எதற்காக அந்தப் பொட்டலங்கள், இவர் எப்போது விளையாட ஆரம்பித்தார், ஏன் ஆரம்பித்தார், எல்லாம். முதுகில் மூன்று அழுத்து அழுத்தினால் துணி.

"என்ன துணி?" என்றார் மேனேஜர்.

அதற்கு அவர்களிடம் சைகை இல்லை. பெரியவள் விடாமல் இருமினாள். எதைச் சொல்வதற்கு இருமினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தொண்டை கிழிகிற மாதிரி இருமினாள். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். கெட்டிக்காரர், புரிந்துகொண்டார்.

"பாப்பாவுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு. வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா."

நான் கூட்டிக்கொண்டு போனேன். 'நான்தான் பொட்டலத்தை மாத்தினேன்' என்று அங்கேயே கத்தியிருக்கலாம். கத்தினால் இவர் மூக்கு திரும்பி வந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் என் பிள்ளை மேல் பழி விழாமல் இருந்திருக்கும். அதைச் செய்யாமல், திமிறியவளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே பலமாகச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் சின்னவன் சிரிப்பும் கேட்டது. அவன் எங்களோடு வரவில்லை என்பதையே அப்போதுதான் கவனித்தேன். "அப்பா, யானைக் காதுன்னு சொல்லுங்க!" என்று கத்தினான்.

பிறகு குதித்துக்கொண்டு வெளியே வந்தான். "அம்மா, அப்பா சாக்ஸைப் பூன்னு சொல்லிட்டாரும்மா! எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு!"

அன்று சாயங்காலம் இவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பெரியவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா. மூணுலதான் வாடை வந்துச்சு. அது எப்படி அஞ்சாகும்? ஏன்ப்பா?"

"விடும்மா."

"நான்தான் தப்பா மோந்துட்டேனாப்பா?"

இவர் அவள் தலையில் கை வைத்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன தெரியும், பாவம்? "சின்னப் பொண்ணுதானே நீ" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். அவள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

அவள் போன பிறகு இவரிடம் கேட்டேன். "எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"உங்கிட்டயா?" என்றார். "நீ அதையும் விளையாட்டாக்கியிருப்ப. தெரு முழுக்கச் சிரிச்சிருக்கும்."

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்து சொல்லிவிட்டேன். "நான்தாங்க மாத்தி வச்சேன். மூணையும் அஞ்சையும். சும்மா ஒரு தமாஷுக்கு."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், அன்று மேனேஜர் முன்னால் சிரித்த சிரிப்பு அப்படித்தான் இருந்திருக்கும். "உனக்கு நேரம் காலமே கிடையாதா? பழிய உம்மேல போட்டுக்கிட்டா அவ மனசு ஆறிடும்னு பாக்குறியா? வேணாம். நீ சொன்னா அவளும் நம்பமாட்டா."

நான் வற்புறுத்தவில்லை. நம்பாததுதான் எனக்கு வசதியாக இருந்தது. சொல்லியாயிற்று, அவர்தான் நம்பவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளிடம் சொல்ல நினைத்த நாளெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பேன். என்னை அம்மா என்று கூப்பிடுகிற ஆள் குறைந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வேன்.

இவர் இப்போது ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்தில் காவலுக்கு நிற்கிறார். யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. சாப்பாட்டில் உப்பை மாற்றிக் கொட்டினால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார், அதனால் நானும் விட்டுவிட்டேன். சின்னவனுக்கு அந்த நாளே ஞாபகமில்லை.

பெரியவள் வேலைக்குப் போகிறாள். எதற்கும் 'ஏன்' என்று கேட்பதில்லை. காலையில் அடுப்படிக்கு வந்து, பால் பாத்திரத்தைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோவாள். கொஞ்சம் முகம் சுளிப்பாள். அப்புறம் சந்தேகத்தோடு என்னிடம் நீட்டுவாள்.

"அம்மா, இது கெட்டுப்போச்சா பாரு. என் மூக்கை நம்ப முடியாது."

நான் வாங்கி மோந்து பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. "நல்லாத்தான்டி இருக்கு" என்கிறேன். அவள் குடிக்கிறாள்.