படுத்தபடியே வேளாங்கண்ணி

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு லைன் வீட்டில் மல்லாந்து படுத்திருந்தேன். முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும் டாக்டரம்மா கருப்பை வாயில் ஒரு தையல் போட்டுவிட்டு, "பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திருக்கணும், மத்தபடி படுக்கைதான்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். என் கணவர் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து உயர்த்தினார். கால் மேலே, தலை கீழே. அப்படிப் படுத்திருந்தால் ஓட்டுக் கூரையும் அதில் குடியிருந்த பல்லிகளும் மட்டுமே கண்ணில் படும்.

காலையில் அவர் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். அதற்குப் பிறகு எனக்கு மனுஷ முகம் என்றால் அடுத்த போர்ஷன் அக்காதான். அவருடைய மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கணவருக்கு லாரி வேலை. அதனால் அக்கா தெருமுனைக் கடையைத் தாண்டிப் போய் வருஷக்கணக்காகிறது. எனக்கும் மத்தியானச் சாப்பாடு அவர் கொண்டுவருவதுதான். பெரியவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் முறத்தில் கீரையோ பயறோ எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணி போய்விட்டு வந்து அக்காவுக்கு மெழுகுவத்தி கொடுத்தார்கள். அதை மூக்கில் வைத்து மோந்துகொண்டே வந்தார்.

"சின்னப் புள்ளைல அங்கதான் எனுக்கு மொட்ட போட்டாங்க. மொட்டத் தலையோட கடல்ல எறங்கி, தலை எரியுதுன்னு அழுதுகினு இருந்தேன். அம்மா தலைல ஊதிக்கினே வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்பால ஒரு தபா கூட போவல."

"வாங்க, இப்பவே போகலாம்" என்றேன்.

"காலத் தூக்கி வெச்சிகினு எங்கம்மா போறே?"

"படுத்துகிட்டேதான். தாம்பரத்துல பஸ் ஏறியாச்சு. உங்களுக்கு ஜன்னல் சீட்டு."

அக்கா கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஜன்னல் உனுக்குத்தான், உனுக்கு வாந்தி வரும்" என்றார். இப்படித்தான் நாங்கள் கிளம்பினோம்.

பயணம் என்றால் ஏனோதானோவென்று இல்லை. திண்டிவனத்தில் இறங்கிக் காபி குடித்தோம். கடலூரில் மழை பிடித்துக்கொண்டது, ஷட்டர் பாதியில் சிக்கி என் மடி நனைந்தது. சிதம்பரத்தில் சாப்பிட்ட சாம்பாரில் உப்பில்லை என்று அக்கா சண்டைக்குப் போனார். வேளாங்கண்ணி போய்ச் சேரவே மூன்று மத்தியானம் ஆயிற்று. அடுத்து என் முறை. அப்பா ரயில்வேயில் இருந்தபோது நாங்கள் இருந்த மண்டபத்துக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது அவர் நிஜமாகவே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை வேளாங்கண்ணி கிளம்பும்போதுதான் நான் வாயை விட்டேன். பாவம் பெரியவர், தனியாக இருப்பாரே என்று தோன்றியது.

"தாத்தாவையும் கூட்டிட்டுப் போயிடலாம்க்கா. முன் சீட்டுல சாய்ச்சு உட்கார வெச்சா..."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "கற்பனைலகூடவா நானு அவருக்கு பெட்பேன் வெக்கணும்? இங்க வெக்கறது பத்தாதா? நீ ஒண்ணும் என்ன கூட்டினு போவ வேணாம், போ!"

முறத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். அடுத்த நாள் சாப்பாடு வந்தது, ஆள் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. போகாத ஊருக்கு ஏறாத பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த கூத்தைக் கணவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இடைவெளி வழியாகப் பெரியவரின் குழறல் கேட்டது.

"ம்மா... வேளாங்கண்ணிக்கு... நா வர்ல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சண்டை உட்பட.

பிறகு அக்காவின் குரல், மெதுவாக: "பின்ன நீ எங்க போவணும் மாமா?"

"பம்மல்."

"பம்மலா?"

"தோல் டேனரி. அந்த நாத்தத்த ஒரு தபா மோந்துட்டு வர்ணும்."

முதலில் அக்கா சிரித்தாரா நான் சிரித்தேனா தெரியாது. தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா என் வாசலில் வந்து நின்றார், கண்ணில் தண்ணீர். "கேட்டியா? ஊரே மூக்கப் பொத்திகினு ஓடுற எடம். அங்க போவணுமாம் ராஜாவுக்கு!"

பெரியவர் வாலிப வயசிலிருந்து தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று வேலை செய்தவர். அந்த வாடையோடு வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விடுவாராம். "நா வர்றது தெருமுனைலயே அவளுக்குத் தெரிஞ்சிடும். வாசம் வந்துட்ச்சின்னு சோறு போட்டு வெச்சிருப்பா" என்று சுவருக்கு அந்தப்புறம் இருந்து சொன்னார். நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

பம்மல் என்ன தூர தேசமா? அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் ஊரில் இருந்தார். ஆட்டோ வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பெரியவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனதைத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எத்தனையோ ஊருக்குப் படுத்தபடியே போய்வந்தவள், நிஜமாக ஒரு ஆட்டோ கிளம்பியதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பி வந்ததும் அக்கா நேராக என் கட்டிலுக்குத்தான் வந்தார். "அய்யய்யே, இன்னா நாத்தம்மா! ஆட்டோக்காரரு வாய்ல துணியக் கட்டிகினாரு. இவரு மட்டும் இஸ்த்து இஸ்த்து மோந்துகினே கீறாரு. வாட்ச்மேன்கிட்ட பழைய பேரெல்லாம் சொல்லி வெசாரிச்சாரு. வர்ற வழி முச்சூடும் என் கையப் புடிச்சிகினே வந்தாரு." சொல்லிவிட்டுத் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எங்கள் பஸ் மறுபடி ஓடியது. பெரியவர் வரமாட்டார். ஆனால் விழுப்புரம் தாண்டும்போது சுவருக்கு மேலாக, "பலாப்பழம் வாங்கினீங்களா?" என்று குரல் வரும். "பண்ருட்டி இன்னும் வர்ல மாமா, தூங்கு" என்பார் அக்கா.

ஐப்பசி மழையில் எனக்குப் பெண் பிறந்தாள், முழு மாசத்துக் குழந்தையாக. பெரியவர் அவளைப் பார்த்தார், இடக்கையால் அவள் பாதத்தைத் தடவினார். அவள் நடக்கத் தொடங்கிய வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா அழுத அழுகை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்காவுக்கே அப்படி இருந்திருக்கலாம்.

காரியங்கள் முடிந்து சில மாதம் கழித்து நாங்கள் நிஜமாகவே வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். அக்கா, நான், என் மகள். தாம்பரத்தில் விடியற்காலையில் பஸ். ஜன்னல் சீட்டை அக்காவுக்குக் கொடுத்தேன், மறுக்காமல் உட்கார்ந்தார். வண்டலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

திண்டிவனம் வந்தது, காபி விற்றார்கள். பண்ருட்டியில் பலாப்பழம் குவிந்து கிடந்தது. சிதம்பரத்தில் எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். அக்கா வாயைத் திறந்துகொண்டு, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, யாரும் கூப்பிடாத தூக்கம் தூங்கினார். எத்தனை வருஷத்துத் தூக்கமோ. என் மகள் எழுப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன்.