லாக் கேட்டைக் கையால் திறந்தோம்

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். திருநெல்வேலியில் மெக்கானிக்கல் படித்தவள். கணவரின் ஐ.டி. வேலைக்காகக் கொல்கத்தா வந்து பவானிபூரில் குடியேறியதோடு என் ஸ்பேனர் பிடிக்கும் கை சமையலறைக் குழாயோடு நின்றுபோயிருந்தது. ஹவுராவில் பல்சக்கரம் வெட்டித் தரும் ஒரு சின்னப் பட்டறையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளி வங்காளி, எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். எனக்கு முதலில் கொடுத்த வேலையே ஒரு லாக் கேட்.

ஹூக்ளியிலிருந்து பழைய கால்வாய் ஒன்று பிரியும் இடத்தில் அது இருந்தது. ஆற்றுத் தண்ணீர் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும், கால்வாய்த் தண்ணீர் அப்படி அல்ல. அதனால் நடுவில் ஒரு பெரிய தொட்டி, இரு முனையிலும் கதவுகள். கதவின் அடியிலுள்ள சிறு மதகைத் தூக்கினால் தொட்டியில் தண்ணீர் சமமாகும். பிறகு கதவைத் திறந்து படகை விடலாம். கையால் நடந்த வேலைக்குப் பின்னாளில் மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதுவும் எரிந்துபோய், ஆற்றுப் பக்கத்துக் கதவு பல வருடங்களாக மூடியே கிடந்தது.

"பழைய இரும்பை வெட்டி எடுத்திடலாம். புது மோட்டாருக்கு மட்டும் அளவு எடுத்துட்டு வா," என்றார் தாதா.

என்னோடு வந்த ஃபிட்டர் ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் பேசும் தமிழில் பாதி வங்காளமும் இந்தியும்தான். கதவுச் சங்கிலியை இழுக்கும் வின்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஏக்தம் ஜாம். அப்படியே இறுகிப் போச்சு," என்றார்.

மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினோம். இறுகிய கிரீஸ் உரிய உரிய, அந்த இயந்திரம் கடந்துவந்த காலமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் ஆள் உயர இரும்பு உருளை, அதன் தலையில் சதுரத் துளைகள். அவற்றில் மரக்கழிகளைச் செருகி, ஆட்கள் செக்கு மாடு போலச் சுற்றி வந்து சங்கிலியை இழுத்திருக்க வேண்டும். அடுத்து வந்த யாரோ உருளையின் அடியில் பெரிய பல்சக்கரம் பூட்டி, பக்கத்தில் கைப்பிடி வைத்திருந்தார்கள். அதன்பின் இரண்டு பேர் போதும். அதற்கும் பிறகு வந்தவர்கள் மோட்டாருக்குத் துளை போட்டிருந்தார்கள். ஒருவரும் முந்தையதைத் தூக்கி எறியவில்லை. நான் மட்டும் ஏன் எறிய வேண்டும்? உடைந்திருந்தது ஒரே ஒரு சின்னப் பல்சக்கரம்தான்.

லாக் கேட்டைப் பராமரிக்கும் நீர்ப்பாசனத் துறை அதிகாரியிடம் போனேன். என் வயதுள்ள வங்காளிப் பெண். "மோட்டாரும் வைக்கலாம், ஆனா கையால சுத்துறதையும் வெச்சுக்கலாம். மழையில கரண்ட் போனா வேற வழி?" என்றேன்.

அவர் சிரித்தார். "திறந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

பட்டறையில் நானே நின்று புதுச் சக்கரம் வெட்டி வாங்கினேன். துர்க்கா பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரு காலை, ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கூடினோம், அதிகாரியும் வந்திருந்தார். வைக்கோல் ஏற்றிய படகு ஒன்று வெளியே ஆற்றில் காத்திருந்தது. தாதா இரும்பு வெட்டும் ஆட்களையும் கையோடு கூட்டி வந்திருந்தார். கதவு திறக்காவிட்டால் அன்றைக்கே வெட்டிவிடுவார்கள்.

மதகைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தோம். பிறகு கைப்பிடியைச் சுற்றினோம். சங்கிலி விறைத்தது, கதவு அசையவில்லை. தாதாவின் ஆட்கள் உருளையில் கழிகளைச் செருகித் தள்ளினார்கள். இரும்பு முனகியது.

"நிறுத்துங்க! பல்லு போயிடும்!" தமிழிலேயே கத்திவிட்டேன்.

"தாமோ, தாமோ!" என்று ஃபிட்டர் அதை வங்காளத்தில் கத்தினார்.

குனிந்து பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் ஆற்றைவிட இன்னும் ஒரு முழம் தாழ்ந்திருந்தது. ஆறு முழுக்க அந்தக் கதவில் சாய்ந்து நிற்கும்போது யார் தள்ளி என்ன? மதகைத் தூக்கியும் தண்ணீர் உள்ளே வரவில்லையென்றால், அதன் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது. படகுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். அவர் துறட்டியை விட்டுத் துழாவி, "மாட்டிக்கிட்டிருக்கு, வர மாட்டேங்குது," என்றார்.

"தண்ணி இழுத்துப் பிடிச்சிருக்கு. தம்பி, மதகை இறக்குங்க!"

மதகு இறங்கியதும் பிடி விட்டது. துறட்டியோடு மேலே வந்தது, பூஜை முடிந்து ஆற்றில் கரைத்த துர்க்கை சிலையின் மூங்கில் கூடு. ஆகாயத்தாமரை சுற்றிய வைக்கோல் உடம்பு. படகுக்காரர் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதைக் கரையில் கிடத்தினார்.

மறுபடி மதகைத் தூக்கினோம். தொட்டிக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலப் பொங்கி வந்தது. பொங்கி, அடங்கி, ஆற்றோடு ஒரே மட்டமாக நின்றது. கைப்பிடியில் ஃபிட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஒரு சுற்று. சங்கிலி நகர்ந்தது. கதவின் விளிம்பில் கோடாகத் தெரிந்த ஆறு மெல்ல மெல்ல விரிந்தது.

"அக்கா, குல்கயா! திறக்குது!"

பக்கத்துப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் கல்யாண வீட்டைப் போல உலூ என்று குலவையிட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் அடங்கவில்லை. அதிகாரி, "தாருண்! பிரமாதம்!" என்று என் தோளைத் தட்டி, "வெட்ட வேண்டாம் தாதா. மோட்டாரை இது மேலேயே பூட்டுங்க," என்றார்.

 தாதா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தார்.

படகு உள்ளே வந்ததும் ஆற்றுக் கதவைச் சாத்தி, கால்வாய் மட்டத்துக்குத் தண்ணீரை இறக்கினோம். உள்கதவைத் திறக்க இரும்பு வெட்ட வந்தவர்களே முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.