சிவப்பக்கா எழுத மறுத்த பொத்தான்

கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறார் சிவப்பக்கா. கீழே ஊரின் கழிவுநீர் முழுவதும் காற்றுக் குமிழிகளோடு பழுப்பாகப் புரண்டுகொண்டிருக்கிறது. கூட வந்த அலுவலகத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நிற்கிறார்கள். இவர் கண்ணைத் திறந்து, "மண்ணு வாசனைதான் வருது. நல்லாத்தான் இருக்காங்க" என்கிறார். நலம் விசாரித்தது மனிதர்களை அல்ல. அந்தத் தண்ணீருக்குள் அழுக்கைத் தின்று பிழைக்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை.

எந்த நிலையத்துக்குப் போனாலும் அவருக்கு இதுதான் முதல் வேலை. மடிக்கணினி பையைவிட்டு வெளியே வருவதற்குள் சாக்கடை நுழையும் வாயிலிலிருந்து தெளிந்த நீர் ஆற்றில் விழும் இடம் வரை ஒரு நடை நடந்துவிடுவார். சாக்கடை என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். "திருப்பி அனுப்புற தண்ணின்னு சொல்லுங்க. இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவித்தானே குடுப்போம்?"

கழிவுநீர் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. ஆற்றில் விடும் தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. தொட்டிகளில் தொங்கும் கருவிகள் அளந்து அனுப்புவதை அந்த மென்பொருள் வாங்கி, எல்லைக்குள் இருந்தால் பச்சையாகவும் தாண்டினால் சிவப்பாகவும் காட்டும். மாதம் முடிந்ததும் அறிக்கையாக்கி சுற்றுச்சூழல் வாரியத்துக்கு அனுப்பும். சிவப்பு கண்ணை உறுத்துகிறது, கொஞ்சம் ஆரஞ்சாக்கக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. "உறுத்தத்தானே வச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றைக்கு ஒட்டியதுதான் சிவப்பக்கா என்ற பட்டப்பெயர், இன்று முதலாளியின் வாயிலும் அதுதான் வருகிறது.

கணவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். மாவைப் புளிக்க வைப்பதும் கிருமி, தண்ணீரைத் தெளிய வைப்பதும் கிருமி. ஒரே ஜாதகக்காரர்கள் நாங்கள் இருவரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சாயங்காலம் மனைவி குளித்துவிட்டு வராமல் கடைக்குள் கால் வைக்க விடமாட்டார். மகள் செய்து தரும் கேக்கைக்கூடச் சும்மா பாராட்டத் தெரியாது இந்த அம்மாவுக்கு. அடி தீய்ந்திருந்தால் தீய்ந்திருக்கிறது என்பார். சொல்லிவிட்டு முழுத் துண்டையும் தின்றுவிடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் அழிக்கும் பொத்தான் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்டவர் பெரிய நகரத்து நிலையத்தின் மேலாளர். தவறாக விழும் சிவப்புகளைத் தாங்களே துடைத்துக்கொள்ள வழி வேண்டும், இல்லையென்றால் வேறு நிறுவனத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நாசூக்காகச் சொல்லிவைத்தார். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒரு நிலையத்தை நம்பித்தான் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அடுப்பெரிந்தது. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். சிவப்பக்கா எகிறவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

போகும்போது உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் போனார். திருட்டுத்தனத்துக்குத் துணை போகச் சொல்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு வால்வு அண்ணன் என்று பெயர். எந்நேரமும் ஏதாவது ஒரு வால்வின் மேல் கை இருக்குமாம். அவர் சிவப்பக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மிஷின் வந்ததுலேருந்து என் பொழப்பு நாறிப்போச்சு மேடம்" என்றார். பிறகு சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இந்த நாத்தத்தைச் சொல்லல" என்றார்.

சிவப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மனிதர் கொஞ்சம் இளகினார். அளவுக் கருவியைத் தொட்டிக்குள்ளிருந்து தூக்கிக் காட்டினார். அதன் தலையில் கந்தல் துணியும் முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் உருண்டை கட்டியிருந்தன. இப்படிச் சுற்றிக்கொண்டால் கருவி வாய்க்கு வந்ததைச் சொல்லும். உடனே மேலாளரின் கைப்பேசியில் சிவப்பு எரியும். அவர் எடுத்த எடுப்பில் திட்டத் தொடங்குவார். துடைத்துக் கழுவி மறுபடி இறக்கினால் பச்சை வந்துவிடும். ஆனால் விழுந்த சிவப்பு விழுந்ததுதான், அதற்குள் திட்டும் வாங்கி முடிந்திருக்கும்.

"என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. ஏன் சிவப்பு வந்துச்சுன்னுதான் கேக்குறாங்க."

திரும்பும் வழியில் சிவப்பக்கா தன் திரையையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தான் எழுதிய திரையில் எண்ணுக்கு இடம் இருக்கிறது, நேரத்துக்கு இடம் இருக்கிறது, தொட்டியின் பெயருக்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற மனிதன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல இடமே இல்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் முதலாளியின் எதிரில் போய் உட்கார்ந்தார். "அழிக்கிற பொத்தானை வேற யாராவது எழுதட்டும் சார், என் கை எழுதாது. ஆனா பேசுற பொத்தான் ஒண்ணு எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தார். இனிமேல் எச்சரிக்கை முதலில் தொட்டிக்காரருக்குப் போகும். அவர் கருவியைப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தி நடந்ததைத் தன் வாயால் சொல்லலாம். பேசியது எழுத்தாகி அறிக்கையில் சேரும். தவறானதைத் திருத்தலாம், ஆனால் பழையது குறுக்கே ஒரு கோட்டோடு அப்படியே கிடக்கும், பக்கத்தில் காரணமும் திருத்தியவர் பெயரும் நிற்கும். ஆபத்து என்று தொட்டிக்காரர் சொன்னால், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்குக் குடிநீர் எடுக்கும் நிலையத்துக்கும் அந்தக் கணமே செய்தி போய்விடும்.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் மேலாளருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தன்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம் என்றார். சிவப்பக்கா குரலை உயர்த்தாமல் கேட்டார்: "நீங்க பாத்துக் கையெழுத்துப் போடற வரைக்கும் அவங்க தாகத்தோட காத்திருப்பாங்களா சார்?" மேலாளர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு பிற்பகல், எங்கோ ஒரு தொழிற்சாலைக் கழிவை லாரியில் கொண்டுவந்து ஆள் நடமாட்டமில்லாத தெருவின் சாக்கடைக் குழிக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். தொட்டியில் நுரை வெளுத்தது. கருவி இன்னும் பச்சையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. முன்பென்றால் வால்வு அண்ணன் அது சிவப்பாகும்வரை வாயே திறந்திருக்க மாட்டார், எதற்கு வம்பு? அன்று பொத்தானை அழுத்தினார்.

"தங்கச்சி, இது உனக்குக் கேக்குதோ என்னவோ. மீட்டர் பச்சையாத்தான் இருக்கு. ஆனா நுரை வெளுத்துப்போச்சு, மருந்து நெடி தாங்கல. எவனோ லாரியைக் கவுத்துட்டுப் போயிருக்கான். இது ஆபத்து. கீழ ஊருக்குத் தண்ணி எடுக்க வேணாம்னு சொல்லிடு." நடுவில், அந்த லாரிக்காரனின் பிறப்பைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லும் இருந்தது.

செய்தியின் நகல் கைப்பேசிக்கு வந்தபோது சிவப்பக்கா கணவரின் கடையில் இருந்தார். கீழூர் நிலையத்தை அழைத்துக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அங்கிருந்தே அழைப்பு வந்தது. செய்தி பார்த்த உடனேயே மதகை அடைத்துவிட்டார்களாம், அந்த ஓட்டத்தில்தான் போனை எடுக்க முடியவில்லையாம். கைப்பேசியை வைத்தவர் மாவு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாத கணவர், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன் ஒன்றை அவர் கையில் வைத்தார். அழுதுகொண்டே அதைத் தின்று முடித்தார்.

சிவப்பு வந்தது, சாயங்காலத்துக்குள் திரை முழுக்க வந்தது. தொட்டியின் கிருமிகள் செத்து, புதிதாக வளர்த்தெடுக்க நாளாயிற்று. அத்தனை நாளும் கீழூர்க்காரர்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று எல்லோரையும் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. விசாரிக்க வாரியத்து அதிகாரி வந்தபோது, மேலாளர் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வால்வு அண்ணனை உட்கார வைத்துக்கொண்டார். அவர் சொன்ன நேரத்தை வைத்துத்தான் லாரியைப் பிடித்தார்கள்.

மாதக் கடைசியில் மேலாளர் தயங்கித் தயங்கி சிவப்பக்காவை அழைத்தார். அறிக்கை ரொம்ப மேலிடம் வரை போகிறது, எல்லாம் சரிதான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றார்.

"எடுக்க முடியாது சார். திருத்தலாம்" என்றார்.

பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே அது முன்னைப்போலவே தெளிவாகத் தெரிந்தது. காரணம் கேட்டு ஒரு கட்டம் மினுங்கியது. சற்று யோசித்து, 'நியாயமான கோபம்' என்று அடித்தார். கீழே, திருத்தியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார்.